ஸ்பிட்ஃபயர் வாங்கலாமா: எஞ்சின் முதலா, ரன்னிங் போர்டு முதலா?

3 ஆகஸ்ட் 2024, கடலூர் வாசகர் கேட்டது

அண்ணா, தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. குன்னூரில் ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், அந்தக் காலத்து கூரையில்லாத பிரிட்டிஷ் கார், விலைக்கு வருகிறது. 1968 மாடல், மார்க் 3, அதாவது மூன்றாம் வகை. பல வருடமாக ஓடவில்லை. எங்கள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "எஞ்சின் ஓடிட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்ச மாதிரி, பாடியெல்லாம் டிங்கரிங்ல சரி பண்ணிக்கலாம்" என்கிறார். வீட்டு ஷெட்டிலேயே செய்ய முடியுமா? நீங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒன்றைப் பிரித்துப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

3 ஆகஸ்ட், இரவு

உங்கள் மெக்கானிக் அம்பாசடரை நினைத்துச் சொல்கிறார். இந்த வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதுவும் கடற்கரையில் செல்லவே செல்லாது.

ஸ்பிட்ஃபயரின் சேஸி, அதே டிரையம்ஃப் கம்பெனியின் ஹெரால்டு காரின் சேஸியைக் குறுக்கி வெட்டியது. ஹெரால்டில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம், இதில் 83. குறுக்கியபோது பக்கவாட்டில் ஓடிய இரும்புகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தை இப்போது சுமப்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, நம் பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்பார்களே, அதுதான். மேலே கூரையும் கிடையாது. ரன்னிங் போர்டு துருப்பிடித்துவிட்டால் வண்டி நடுவில் தொய்யும். எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தொய்ந்த வண்டி தொய்ந்ததுதான்.

குன்னூர் போனால் முதலில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் பின்பக்க இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் பேரம் பேசுவதற்கு அது போதும்.

4 ஆகஸ்ட்

இன்னொன்று. ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் நின்று கிராங்க் புல்லியை, அதாவது எஞ்சின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரத்தைப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னே தள்ளி, விடும்போது பின்னே வந்தால், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. முற்றினால் வாஷர் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். இந்த எஞ்சினின் பழைய வியாதி இது.

முன் பானெட் முழுவதும் முன்பக்கமாகத் திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இப்படி ஒரு சுகமான வண்டி வேறு இல்லை. அதில் மயங்கி விலையை ஏற்றிவிடாதீர்கள்.

17 ஆகஸ்ட்

பாகம் கிடைக்குமா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஸ்பிட்ஃபயர் 1962இல் வந்தது. மிக்கெலொட்டி என்ற இத்தாலியர் வரைந்தது. ஹெரால்டை வரைந்தவரும் அவரே. பணம் இல்லாமல் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டிருந்தது. லேலண்ட் கைக்குப் போனபின் வந்த அதிகாரிகள் தொழிற்சாலை மூலையில் துணி போட்டு மூடிவைத்திருந்த மாதிரி வண்டியைப் பார்த்துத்தான் உயிர் கொடுத்தார்கள் என்பது வரலாறு. என் வண்டி பெரியப்பா வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது தவறே இல்லை என்று இதைச் சொல்லித்தான் பெரியம்மாவைச் சமாளித்தேன்.

நமக்கு முக்கியமானது, ஹெரால்டு சென்னையில் தயாரான வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961இலிருந்து செய்தது, பிறகு 1972இல் அதன் வாரிசாகக் கெசல் வந்தது. முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் சமாச்சாரம் எல்லாம் ஒரே குடும்பம். சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் "ஸ்பிட்ஃபயர்" என்று கேட்டால் முறைப்பார்கள். "ஹெரால்டு, கெசல்" என்று கேளுங்கள். வயதானவராகப் பார்த்துக் கேளுங்கள்.

எஞ்சினும் அதே வழிதான், ஆனால் ஜாக்கிரதை. சென்னை ஹெரால்டில் 948 சி.சி., என் மார்க் 2இல் 1147, உங்கள் மார்க் 3இல் 1296. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) மூன்றுக்கும் 76 மி.மீ., போர் (சிலிண்டர் விட்டம்) தான் வேறு. ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் எதையும் ஹெரால்டிலிருந்து எடுத்து இதில் போட முடியாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடைக்காரரும் சத்தியம் செய்வார்.

ஸ்பேனர் விஷயம்: எல்லாம் அங்குலக் கணக்கு. 7/16, 1/2, 9/16. 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் ஏறும், திருகும், ஒருநாள் முனையை மழுக்கிவிட்டுப் போகும்.

2 செப்டம்பர்

"பேசாமல் மாருதி எஞ்சினைப் போட்டுவிடுங்கள், மைலேஜும் கிடைக்கும்" என்று ஒரு நண்பர். எங்கள் தெருவிலும் இதையே சொல்லாதவர் இல்லை. பால்காரர் உட்பட.

ரசனையை விடுங்கள், சட்டத்தைப் பாருங்கள். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதியில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிந்தால் நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். மாருதி எஞ்சினைப் போட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

பதிலுக்கு, இதில் தினமும் ஆபீஸ் போகக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றிப் பெட்ரோல் பங்க் போவதை யாரும் தடுக்க முடியாது என்று நினைக்கிறேன்.

22 செப்டம்பர்

ரன்னிங் போர்டு வேலையை விவரமாக எழுதச் சொன்னீர்கள்.

பாடியைச் சேஸியிலிருந்து தூக்கிவிட்டு வெட்டக் கூடாது. பாடி சேஸி மேலேயே போல்ட் போட்டு இருக்கட்டும். வண்டி நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிற்க வேண்டும். ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். சத்தமில்லாமல் நின்றுகொண்டே இருந்துவிட்டு ஒரே நொடியில் நொறுங்கும், அடியில் நீங்கள் படுத்திருப்பீர்கள். கதவு மாட்டியபடி இடைவெளியைச் சரிபார்த்த பிறகு, கதவைக் கழற்றி, முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே சதுரக் குழாயை வெல்டு வையுங்கள். அதன் பிறகுதான் கிரைண்டர். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறு பக்கம்.

வெளியே தெரியும் தகடு ஒன்றுதான். உள்ளே இன்னும் இரண்டு உண்டு: உள் தகடு, நடுவில் பலத்துக்கு ஒன்று. என் வண்டியில் வெளித்தகட்டை வெட்டி எடுத்தபோது நடுத்தகடு இருந்த இடத்தில் கைப்பிடி கைப்பிடியாகச் செங்கல் பொடி மாதிரி துருதான் கொட்டியது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. முன்பு யாரோ வடிகால் ஓட்டைகளைப் பட்டி போட்டு அடைத்து அழகு பார்த்திருக்கிறார். தண்ணீர் உள்ளே போக வழி இருந்தது, வெளியே வர வழியில்லை.

டிங்கரிங் அண்ணன் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போடலாம், துருவே பிடிக்காது என்றார். வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அந்தப் புகை நெஞ்சுக்கும் ஆகாது. பூச்சில்லாத சி.ஆர். தகடே போதும். கேஸ் வெல்டிங்கும் வேண்டாம், தகடு சூட்டில் நெளியும். மிக் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்தால் நெளியாது.

இங்கே இன்னொரு தலைவலி உண்டு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புரியாது. காலையில் வெள்ளி மாதிரி தேய்த்துவைத்த தகடு மறுநாள் காலையில் மஞ்சள் பூத்து நிற்கும். கடற்காற்றின் உப்பு அது. தேய்த்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஹேர் டிரையரில் காயவைத்து, பொழுது சாய்வதற்குள் எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். உப்பு மேலேயே பிரைமர் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் வரும். நம் பட்டறைகளின் செல்லப்பிள்ளை ரெட் ஆக்சைடு ஈரத்தை நிறுத்தாது. பட்டியும் ஈரம் குடிக்கும். வெறும் பட்டியோடு மழைக்காலத்தில் வண்டியை விட்டுவைக்காதீர்கள்.

9 அக்டோபர்

டிரன்னியன் பற்றி. சண்டைக்குத் தயாராகவே எழுதுகிறேன்.

முன் சக்கரம் திரும்பும் கீழ் முனையில் பித்தளை நிறத்தில் ஒரு கட்டி இருக்கும். அதற்குள் எஃகுத் தண்டு மரை மேல் சுழலும். நிறுவனத்தின் கையேடு இதற்கு 90 கிரேடு கியர் எண்ணெய் விடச் சொல்கிறது. எல்லா மெக்கானிக்கும் கிரீஸ் அடிக்கிறார்கள். கிரீஸ் மரைக்குள் முழுக்க இறங்காது. அடியில் தண்ணீர் தங்கும், எஃகு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு மெதுவாகத் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஹெரால்டு ஓட்டிய அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள், சக்கரம் படுத்த கதை ஒன்றாவது வைத்திருப்பார்கள்.

கழற்றினால் இடதையும் வலதையும் கலந்துவிடாதீர்கள். மரை எதிரெதிர்.

10 அக்டோபர்

எதிர்பார்த்தபடியே. "முப்பது வருஷமா கிரீஸ்தான், ஒண்ணும் ஆகலை" என்கிறார் ஒருவர். அவர் ஊர் உடுமலைப்பேட்டை. வருடத்தில் பாதி நாள் காய்ந்த காற்று. இருக்கலாம், ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். முத்தியால்பேட்டையில் நான் எண்ணெய்தான். ஒழுகி ஷெட் தரையில் வட்டம் போடுகிறது. அம்மா அதில் வழுக்காமல் இருக்கப் பழைய சாக்கு போட்டிருக்கிறேன்.

எண்ணெய்த் துப்பாக்கி எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: சாதாரண கிரீஸ் கன்னையே கழுவி எண்ணெய் நிரப்புங்கள். கையெல்லாம் ஒழுகும், வேலை நடக்கும்.

28 நவம்பர்

புயல் வருகிறதாம். சீட்டு, கதவு அட்டை, கார்புரேட்டர் எல்லாம் பரணில் ஏற்றியாயிற்று. ஸ்டாண்டை இன்னும் இரண்டு கொக்கி உயர்த்தினேன். கேள்வி கேட்டவர்கள் பொறுக்கவும்.

8 டிசம்பர்

எல்லோரும் நலம். 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின்னும் நகராமல் எங்கள் தலை மேலேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. ஷெட்டில் முழங்கால் தண்ணீர். கடலூர் நண்பர் பக்கம் தென்பெண்ணை வெள்ளம் வேறு. அவர் வண்டி அன்றைக்குக் குன்னூரிலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று.

என் வண்டியின் தரை நனையவில்லை. பின் பிரேக் டிரம் மட்டும் தண்ணீரில் நின்றது. இப்படி நின்றவர்களுக்கு: உடனே ஓட்டிப் பார்க்கவோ பிரேக்கை மிதிக்கவோ வேண்டாம். டிரம்மைக் கழற்றி ஷூவைக் காயவையுங்கள். கியர்பாக்ஸ், டிஃப்பரன்ஷியல் இரண்டின் எண்ணெயையும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். டீயில் பால் ஊற்றிய நிறம் வந்தால் முழுதாக மாற்றுங்கள், ஒருமுறை ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள். ஷெட்டுக்குள் வந்தது மழைத் தண்ணீர்தான், கடல் தண்ணீர் இல்லை. அது ஒரு நாளில் காயும். வருடம் முழுக்க வீசும் உப்புக்காற்றுதான் நிஜ எதிரி என்ற என் எண்ணம் இதனால் மாறவில்லை.

19 ஜனவரி 2025

கடலூர்த் தம்பி வண்டியை இறக்கிவிட்டார். பொங்கலன்று போய்ப் பார்த்தேன். கதவு இடைவெளி சுமார், புல்லி ஆடவில்லை. நல்ல விலை.

அவர் வண்டியைப் பார்த்ததும் ஆகஸ்டில் நான் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. எஞ்சினைக் கடைசியில் பிரிக்கலாம், ஆனால் கடைசிவரை தொடாமல் விட்டால் இறுகிவிடும். வண்டி வீட்டுக்கு வந்த வாரமே நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஓட்டை வழியே விடுங்கள். ஓரிரு நாள் ஊறட்டும். பிறகு புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். திரும்பாவிட்டால் மறுபடி ஊறவையுங்கள். நீளக் குழாயை மாட்டி முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், செல்ஃபும் அடிக்காதீர்கள்.

இன்னொரு நியாயமும் உண்டு, அதை உங்கள் மெக்கானிக் பக்கம் எழுதிவிடுகிறேன். ஒருமுறை உறுமிக் காட்டிய வண்டிக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதையே வேறு. துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கும்வரை நான் "பழைய இரும்புக்காரன்". ஷெட்டில் எஞ்சின் ஓடிய அன்றைக்கு மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஹெட்டைக் கழற்றினால் அப்படியே மூடாமல் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் ரிங் போட்டு வாங்கிவிடுங்கள். இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தவை. இந்தியாவில் அது 2000இலேயே போய்விட்டது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் எஞ்சின் வேலை செய்யும் பட்டறைகளில் கேட்டால் செய்து தருவார்கள்.

15 மார்ச் 2025

வயரிங். இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த லூக்காஸ் கம்பெனி பற்றிய ஜோக்குகளை யாரும் அனுப்ப வேண்டாம், "இருட்டின் இளவரசன்" எல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதே லூக்காஸ் 1961இல் டி.வி.எஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடியில் வந்ததால்தான் நமக்கு இன்றைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வேலை தெரிந்த ஆட்கள் கிடைக்கிறார்கள். குறை பெரும்பாலும் எர்த் ஒயரில்தான். பாடிக்கு வரும் ஒவ்வொரு எர்த்தையும் கழற்றி, தகடு தெரியத் தேய்த்து, வாசலின் தடவி மாட்டுங்கள். பாதிப் பேய் அங்கேயே ஓடிவிடும்.

தம்பி கவனிக்க வேண்டியது: மார்க் 2 வரை பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில்), மார்க் 3இலிருந்து நெகட்டிவ் எர்த். என் வண்டியைப் பார்த்து உங்கள் பேட்டரியை மாட்டினால் விபரீதம். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஒயர் எடுத்து என் வண்டிக்கு ஸ்டார்ட் கொடுக்க ஆசைப்படுகிறவர்களும் முதலில் என்னிடம் கேட்கவும்.

பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவை எடுத்துவிட்டு மாருதி 800 ஆல்டர்னேட்டர் போடுவது பற்றி: எஞ்சின் மாற்றத்துக்கு முகம் சுளித்தவன் இதற்குத் தலையாட்டுகிறானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஹெட்லைட்டும் வைப்பரும் ஒன்றாக ஓடினால் டைனமோ மூச்சு வாங்கும். ஆனால் ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். அதனால் என் வண்டியில் இன்னும் டைனமோதான். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. பழைய பிராக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

10 ஆகஸ்ட் 2025

இ20 பெட்ரோல். எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள். பாதிப் பயம் நியாயம்.

20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரை ஊதவைக்கும், பிறகு பொடியாக்கும். வண்டியிலுள்ள ஒவ்வொரு பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் சீல்களும் அப்படியே. ஹோஸை வாங்கும்போது மேலே என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள், கறுப்பாக இருப்பதெல்லாம் பெட்ரோல் ஹோஸ் இல்லை. பழைய டேங்கில் பல வருட அழுக்கு ஒட்டியிருக்கும், எத்தனால் அதைக் கழுவி எடுத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். அதனால் கண்ணாடி ஃபில்டர் ஒன்று கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் பாதி டேங்க் பெட்ரோலோடு மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

ஓட்டத்தில் கலவை கொஞ்சம் மெலியும். எஸ்.யு. கார்புரேட்டரில் இது பெரிய வேலை இல்லை. அடியில் உள்ள ஜெட் நட்டைக் கீழ்ப்பக்கமாக ஒரு முகம் திருப்புங்கள், கலவை கெட்டியாகும். பிறகு பக்கத்தில் இருக்கும் சிறு பின்னை விரலால் லேசாகத் தூக்கிக் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை உயர்த்திப் பாருங்கள். சத்தம் கணநேரம் ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறியது ஏறியபடியே இருந்தால் கலவை கெட்டி, எஞ்சின் சோர்ந்து நிற்கப் பார்த்தால் மெலிவு. இரண்டு கார்புரேட்டரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பித்தளைப் பாகங்களுக்குப் புளி போட்டுத் தேய்த்தேன், குத்துவிளக்கு மாதிரி ஆகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெளிப்பக்கத்துக்குச் சரி. ஜெட், ஊசியில் புளியும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம்.

2 நவம்பர் 2025

ஹூட் பற்றிக் கேட்ட தம்பிக்கு. உங்களுடையது மடித்துப் பின்னால் தள்ளும் வகை. என்னுடையதில் கம்பியைத் தனியாக டிக்கியிலிருந்து எடுத்து நட்டு, மேலே துணியை விரித்து மாட்ட வேண்டும். மேகம் கறுப்பதைப் பார்த்து நான் ஆரம்பித்தால் மழை நின்றபின் முடிப்பேன்.

தைப்பதற்கு ஆட்டோ ஹூட் தைக்கும் குஷன் கடையே போதும், ஆனால் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். பழைய துணியை மட்டும் கொடுத்தால் அது சுருங்கிய அளவுக்கே புதியதும் வரும். வெயில் நன்றாக ஏறியபின், ரெக்சின் இளகியிருக்கும்போது இழுத்து மாட்ட வேண்டும். முதலில் முன் கண்ணாடி மேல்விளிம்பு, அப்புறம் பின்பக்கம், கடைசியாகப் பக்கவாட்டு டிச் பட்டன்கள். பட்டனுக்கு ஓட்டை போடுவது துணியை இழுத்துப் பிடித்துப் பார்த்தபின்தான். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும், பருத்தி நூல் இந்த ஊரில் இரண்டு மழைக்குத் தாங்காது. நனைந்த ஹூட்டை மடித்துவைத்தால் பூசணம் பிடிக்கும். பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், மணல் கோடு கோடாகக் கீறும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் துடையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கம் வருகிறேன், கதவு இடைவெளியை மறுபடி பார்த்துவிட்டு வெல்டிங் ஆளைக் கூப்பிடலாம். அதற்குள் குறுக்குக் குழாய்க்கு அளவெடுத்து வையுங்கள். அரை அங்குல ஸ்பேனர் உங்களிடம் இருக்கிறதா? என்னுடையது ஷெட்டில் எங்கோ கிடக்கிறது.